திருக்கை முள்ளும் காந்தள் கிழங்கும்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிகாலை ஐந்தரை மணி. வழக்கமாக எனக்கு மீன் கழிவு எடுத்து வைக்கும் அம்மா பெயிண்ட் வாளி நிறையக் குடலும் தலையும் துடுப்புமாகக் கொடுத்தார். வாளி நிரம்பி வழிந்ததால் கையால் அழுத்தினேன். உள்ளங்கையில் சுருக்கென்றது. ஏதோ மீன் முள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நிமிஷத்துக்குள் முழங்கை வரை தீப்பிடித்த மாதிரி எரிய ஆரம்பித்தது. அறுபத்தாறு வயசில் நடுரோட்டில் நின்று கத்துகிற நிலை.

அந்த அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். "இன்னா சார் நீ, திருக்கை முள்ளு சார் அது. பாத்து கைய வுட மாட்ட?" என்றவர், பக்கத்து டீக்கடையில் ஒரு பாத்திரம் சுடுதண்ணீர் வாங்கி, தன் விரலை முதலில் விட்டுப் பார்த்துவிட்டு, என் கையை முக்கி வைத்தார். கால் மணி நேரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. "செத்துப் போனதுதானே, அதுக்கு ஏது விஷம்?" என்று கேட்டேன். "அது செத்துச்சி, முள்ளு சாவலயே" என்றார்.

ஒரு மீனையும் ஒரு கொடியையும் சேர்த்து வைத்து இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அந்த வாளிதான். அந்த வாளி போய்ச் சேர்ந்த இடம் என் வேலியில் படர்ந்திருக்கும் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை. கடைசிப் பத்து வருஷம் பயிர்க்கடன் பிரிவு. ஓய்வு பெற்றபின் வீடு எம்.கே.பி. நகரிலேயே இருக்க, பொன்னேரிப் பக்கம் இரண்டே கால் ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம் செய்கிறேன். வாரத்தில் நான்கு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. எங்கள் நகருக்கு ஒரு பக்கம் கேப்டன் காட்டன் கால்வாய், இன்னொரு பக்கம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. மகாகவி பாரதியார் நகர் என்பதுதான் முழுப் பெயர் என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கே தெரியாது. காசிமேடு டூவீலரில் இருபது நிமிஷம். மீன் அமிலத்துக்குக் கழிவு இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் விவசாயி தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

மீன் அமிலம் உங்களுக்குப் புதிதல்ல. ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம், காற்றுப் புகாமல் மூடி நிழலில் வைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் பழ வாடை வரும், வடிகட்டி பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. ஆனால் ஒன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். திருக்கையும் சுறாவும் அதிகம் சேர்ந்த வாளி வேறு மாதிரி இருக்கும். திறந்தால் பழ வாடைக்குப் பதில் மூக்கில் ஏறும் கார நெடி. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். யூரியா!

கடல் தண்ணீர் உப்பு. சாதாரண மீனின் உடம்பு அவ்வளவு உப்பு இல்லாததால் அதன் தண்ணீரைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைச் சமாளிக்க அந்த மீன்கள் கடல் தண்ணீரைக் குடித்து உப்பை வெளியே தள்ளுகின்றன. திருக்கையும் சுறாவும் வேறு வழி வைத்திருக்கின்றன. தங்கள் கழிவான யூரியாவை முழுவதும் வெளியேற்றாமல் ரத்தத்திலும் சதையிலும் சேர்த்து வைத்து, கடலின் அடர்த்திக்குச் சமமாக உடம்பை வைத்துக்கொள்கின்றன. செத்தபின் பாக்டீரியா அந்த யூரியாவை உடைப்பதால் அமோனியா நெடி. பழசான திருக்கை நாறுவதும், நம் வீடுகளில் திருக்கைக் குழம்புக்குப் புளியும் பூண்டும் தாராளமாகப் போடுவதும் இதனால்தான். யூரியா மூட்டையே தொடக்கூடாது என்று வந்தவன் வாளியில், மணலி உரத் தொழிற்சாலைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கடவுள் தயாரித்த யூரியா. இப்போதெல்லாம் அந்த வாளிக்கு வெல்லம் கொஞ்சம் கூட்டிப் போட்டு, இன்னும் இரண்டு வாரம் ஊற விட்டு, பாதி அளவுதான் கலக்குகிறேன். முதல் தடவை அப்படியே அடித்ததில் அவரைச் செடியின் இளங்கொழுந்து கருகிவிட்டது.

சரி, அந்த மீனைப் பற்றி.

எனக்குக் குத்தியது புள்ளித் திருக்கை. மேல்பக்கம் சிறுத்தைத் தோல் மாதிரி நெருக்கமான புள்ளிகள், வட்டமும் சதுரமுமாய்த் திருகைக் கல் போன்ற உடம்பு, உடம்பைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்குச் சாட்டை வால். அந்தக் காலத்தில் திருக்கை வாலைக் காயவைத்துச் சவுக்காக வைத்திருந்ததை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பலரும் நினைப்பது போல முள் வால் நுனியில் இல்லை. வால் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மேல்பக்கத்தில், ரம்பம் மாதிரி இருபக்கமும் பின்னோக்கிய பல்லோடு படுத்திருக்கும். குத்தும்போது சுலபமாக இறங்கும், வெளியே இழுக்கும்போது சதையைக் கிழிக்கும். முள்ளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலில்தான் நஞ்சு. முள் ஒடிந்தால் திரும்ப முளைக்கும்.

அது துரத்திக் கடிக்கிற ஜீவன் இல்லை. மணலைத் தன் மேல் தூவிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வாயும் செவுளும் அடியில் இருப்பதால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துளை வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடும். தெரியாமல் மிதித்தால் வாலைச் சுழற்றும். அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் நெஞ்சில் முள் பாய்ந்து இறந்ததால் உலகமே இதைக் கொலைகாரன் என்று நினைக்கிறது. அப்படிச் சாவது மிக மிக அபூர்வம். முகத்துவாரத்தில் இறங்குகிறவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் போதும், அதுவே விலகிப் போய்விடும்.

இனி கொடி. என் நிலத்தின் கிழக்கு வேலி மணல்பாங்கான மேடு. கிளுவையும் காரையும் கலந்த பழைய உயிர்வேலி. நான் வாங்கும்போதே அதில் காந்தள் இருந்தது. கோடை முழுக்க ஒன்றும் தெரியாது. ஆனி, ஆடியில் ஒரு மழை விழுந்ததும் ஈட்டி மாதிரி முளை வரும். இதன் இலையைக் கவனித்திருக்கிறீர்களா? மற்றக் கொடிகள் பற்றுக்கம்பிக்கு என்று தனியாக ஒன்றை வளர்க்கும். இது இலையின் நுனியையே நீட்டிச் சுருட்டிப் பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூ. முதல் நாள் பச்சை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் ரத்தச் சிவப்பு. ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கி, ஓரம் நெளிநெளியாக. தலைகீழாகத் தொங்கும் பூ. திருக்கை நீந்தும்போது அதன் உடம்பின் ஓரம் அலை அலையாக நெளிவதை ஒரு தடவை படகோரத்தில் பார்த்தேன். சட்டென்று எனக்கு இந்த இதழ்தான் ஞாபகம் வந்தது. இரண்டிலும் எல்லாமே தலைகீழ் வேறே. அதற்கு வாய் அடியில், இதற்கு மகரந்தம் அடியில்.

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது. ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசிய மலர். இத்தனை மரியாதை உள்ள பூவை நம் ஊரில் ஆட்டுக்காரர்கள் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். நிலத்தடியில் இருப்பதுதான் காரணம்.

கிழங்கு கலப்பை வடிவம். அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். கொடி முழுக்க கோல்ச்சிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். இங்கேதான் நம் இரண்டு ஆட்களுக்கும் பெரிய வித்தியாசம். திருக்கையின் நஞ்சு புரதம். முட்டை வெந்தால் கெட்டியாவது போலச் சூடு பட்டால் அது குலைந்துபோகும். அந்த அம்மா சுடுதண்ணீரில் கையை வைத்தது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல, மருத்துவர்களும் அதையே செய்கிறார்கள். கை பொறுக்கும் சூடு, 45 டிகிரி அளவில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். அதன்பின் கட்டாயம் மருத்துவமனை. முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். எனக்கும் உள்ளே ஒரு நகக்கண் அளவு துண்டு இருந்தது.

காந்தள் கிழங்கின் நஞ்சு அப்படிப் போகாது. வேகவைத்தாலும் இருக்கும், காயவைத்தாலும் இருக்கும். அதோடு திருக்கை உடனே வலித்து உங்களை எச்சரித்துவிடும். கிழங்கு அப்படி எச்சரிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும், நாள் கடந்து ரத்த அணுக்கள் குறைதல், பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். இதற்கென்று கைவசம் மாற்று மருந்து கிடையாது. சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும், மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் நிலத்திலேயே நடக்கவிருந்தது. சில வருஷம் முன்னால் வேலி ஓரம் சுத்தம் செய்யும்போது களைக்கு வந்த பெண் கலப்பைக்கிழங்கையும், அங்கேயே கிடந்த வள்ளிக்கிழங்கையும் ஒன்றாகக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டிவிட்டார். "ரெண்டும் கிழங்குதானே சார், மருந்தடிக்காத நெலத்துக் கிழங்கு" என்றார். நான் பார்த்ததால் போயிற்று. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நஞ்சில்லா விவசாயம், நஞ்சில்லா உணவு என்று நாம் மேடையில் சொல்லிச் சொல்லி, இயற்கை என்றாலே நஞ்சு கிடையாது என்று கேட்பவர்கள் மனசில் பதிய வைத்துவிட்டோமோ? மருந்து அடிக்காத கிழங்குதான். ஆனால் அது தனக்குத் தானே மருந்து அடித்துக்கொண்டது.

இனி பணக் கணக்கு. பழைய தொழில், விடாது.

கோல்ச்சிசினை ஐரோப்பாவின் வேறொரு கிழங்குச் செடியிலிருந்து 1820ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியரும் காவெந்துவும் பிரித்தெடுத்தார்கள். மூட்டுகளில் யூரிக் அமிலம் சேர்ந்து வரும் கவுட் வலிக்கு இன்றும் அது மருந்து. நமக்கு இன்னொரு வகையில் நெருக்கம். செல் பிரியும்போது குரோமோசோம் இரண்டாகப் பிரிவதை இது தடுத்துவிடும் என்பதால் 1930களின் கடைசியிலிருந்து பயிர் ஆராய்ச்சியாளர்கள் குரோமோசோமை இரட்டிப்பாக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானில் ஹிதோஷி கிஹாரா உருவாக்கிய விதையில்லாத் தர்பூசணிக்குப் பின்னால் இருப்பது இதே சரக்குதான். நாட்டு விதை காக்கிற நம் வேலியில் விதையை இல்லாமல் ஆக்குகிற மருந்து!

இந்த மருந்துக்காகத்தான் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கமெல்லாம் கண்வலிக்கிழங்கு பயிராகிறது. விதை ஏற்றுமதியாகிறது. விலை ஒரு வருஷம் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், இன்னொரு வருஷம் விழுந்து கிடக்கும். குறைந்தபட்ச விலை கேட்டு விவசாயிகள் குரல் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2022 மாசியில் ஒரு கிழங்கு வியாபாரி என் வேலியைப் பார்த்துவிட்டு, "சார், அரை ஏக்கர் போடுங்க, விதையை நானே எடுத்துக்கறேன்" என்றார். பேனாவை எடுத்தேன். ஏக்கருக்கு ஏறக்குறைய 800 கிலோ கிழங்கு வேண்டும். அவர் சொன்ன விலை கிலோ 300. கிழங்குக்கு மட்டும் 2,40,000 ரூபாய். கம்பிப் பந்தல் தனி. தண்ணீர் தேங்கினால் அழுகல். இலைக்கருகல் வந்தால் ஒரே வாரத்தில் தோட்டம் காலி. அதற்குப் பயந்து வாரம் ஒரு பூஞ்சைக்கொல்லி என்று அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உறைத்தது மகரந்தக் கணக்குதான். இந்தப் பூவில் சூல்முடி நேராக நிற்காது. அடியிலேயே செங்கோணத்தில் மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேல் விழாமல் இருக்க அது செய்துகொண்ட ஏற்பாடு. அதனால் வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய பரப்பில் அது போதாமல், காலையில் ஆள் வைத்துப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தடவுகிறார்கள். முதலில் மருந்தடித்துப் பூச்சியைத் துரத்துவது, பிறகு பூச்சி பார்க்கிற வேலைக்கு மனுஷனுக்குக் கூலி கொடுப்பது. வங்கியில் இப்படி ஒரு திட்டம் வந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். குடும்பத்தோடு கையால் செய்கிற சின்ன விவசாயியைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வறண்ட மண்ணில் வேறு என்ன காசு கொடுக்கும்?

அரை ஏக்கர் வேண்டாம் என்றேன். ஆனால் ஒரு காரியம் செய்தேன். இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன். வியாபாரி, "பயிர் போடாட்டிப் போகுது, வேலியில இருக்கறதைத் தோண்டிக் குடுங்க, ரொக்கம் தர்றேன்" என்றார். வேலியில் எழுபது, எண்பது கொடி இருந்திருக்கும். ஏழு கிலோ தேறியது. கையில் 2,100 ரூபாய். போர் மோட்டார் பழுதாகியிருந்த நேரம். களைக்கு வந்த பெண் கிழங்கைக் கட்டிக்கொண்ட பயமும் மனசில் இருந்தது, தொலையட்டும் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஆடியில் வேலியில் முளைத்தது ஆறே ஆறு கொடி.

அப்போதுதான் அதன் வட்டி விகிதம் புரிந்தது. ஒரு கிழங்கை நட்டால் அது அந்த வருஷம் கொடியைக் கொடுத்துவிட்டுச் சுருங்கிச் செத்துப்போகும். பதிலுக்குக் கலப்பை மாதிரி இரண்டு கவையோடு புதுக் கிழங்கு. கவைக்கு ஒரு முளைக்கண், அதுவும் நுனியில். தோண்டும்போது நுனி ஒடிந்தால் அது வெறும் கட்டை. எல்லாம் சரியாக நடந்தால் ஒன்று இரண்டாகும். நெல்லைப் போல ஒன்று நூறாகாது. விதையிலிருந்து வரட்டும் என்று விட்டால் பூக்க மூன்று நான்கு வருஷம்.

திருக்கையும் இதே கணக்குதான். வஞ்சிரமும் மத்தியும் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டை போடும். பெரும்பாலானது போனாலும் மிச்சம் போதும். திருக்கை முட்டை போட்டுவிட்டுப் போகிற ஜாதி இல்லை. குட்டியை வயிற்றிலேயே வைத்து, கர்ப்பப்பையில் சுரக்கும் பால் மாதிரியான திரவத்தைக் கொடுத்து வளர்த்து, உயிரோடு ஈனும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறத் திருக்கை கொடுக்கிற நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன். புள்ளித் திருக்கைக்கு ஒரு ஈட்டுக்கு விரல் விட்டு எண்ணும் அளவு குட்டி. கொம்புத் திருக்கைக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, அதற்கும் ஏறத்தாழ ஒரு வருஷச் சுமை. குட்டி வளர்ந்து தாயாகப் பல வருஷம். முள்ளும் நஞ்சும் சுறாவிடமிருந்து காப்பாற்றும். இழுவை வலைக்கு முள் ஒரு பொருட்டா? நாம் அனுபவிப்பது வட்டி இல்லை, முதல். 2021ல் வந்த உலகளாவிய ஆய்வு ஒன்று சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. காரணம் அதிக மீன்பிடிப்பு.

கொம்புத் திருக்கைக்கு இன்னொரு சாபம். அதன் செவுள் தகட்டைக் காயவைத்துச் சீனாவுக்கு மருந்து என்று அனுப்புகிறார்கள். காந்தள் விதைக்காவது மருந்து என்று நிரூபணம் உண்டு. இந்தத் தகட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. 2016ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு கொம்புத் திருக்கை வகைகளைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் 2001லேயே முள் திருக்கை ஒன்றையும், திருக்கைக்குச் சொந்தக்கார இனமான வேளா மீனையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக வைத்துவிட்டார்கள். வேளா மீனைச் சின்ன வயசில் பார்த்ததாகக் காசிமேட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போதுள்ள பையன்கள் பார்த்ததில்லை.

ஒரு நாள் அந்த அம்மாவின் தட்டில் உள்ளங்கை அகலத்தில் ஏழெட்டுக் குட்டித் திருக்கை. மனசு கேட்காமல், "இதையெல்லாம் திரும்பக் கடல்ல விட்டுடக் கூடாதாம்மா?" என்றேன்.

"எங்க வுடறது சார்? வலைய இழுக்கும்போதே பாதி செத்துடுது. நாங்க ஏலத்துல எடுக்கறோம், அவன் இன்னா குடுக்கறானோ அதான். போட்டுக்கு டீசல் துட்டு யாரு குடுப்பா, நீ குடுப்பியா?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "எங்க அப்பா கட்டுமரத்துல போவாரு. எண்ணூர் மொகத்துவாரத்துல குட்டித் திருக்கை மேயுமாம். தொட மாட்டாராம். அது இஸ்கூல் பசங்க மாதிரி, வளந்து வரட்டும்னு வுட்டுடுவாராம். இப்ப அங்க இன்னா கீது? எண்ணெயும் சாம்பலும்தான்."

நான் பதில் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரமே கறுப்பானதை நேரில் போய்ப் பார்த்தவன் நான். படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர் என்று எல்லாவற்றிலும் தார் மாதிரி ஒட்டியிருந்தது. தரையோடு படுத்து மூச்சு விடுகிற ஒரு மீன் அதில் என்ன செய்யும்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருக்கிறது. வருஷம் முழுக்கச் சுமக்கிற ஜீவனுக்கு அது எவ்வளவு உதவும் என்று எனக்குச் சந்தேகம்தான். அதோடு அவரிடம் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை? அவருக்காவது டீசல் காசு. நான் 2,100 ரூபாய்க்கு வேலியை வழித்துக் கொடுத்தவன். வாரா வாரம் திருக்கைக் கழிவை வாளியில் வாங்குகிறவனும் நான்தான்.

அந்த ஆறு கொடியை வைத்து இப்போது செய்வதைச் சொல்கிறேன், வேலியில் காந்தள் இருப்பவர்களுக்குப் பயன்படும். கிழங்கைத் தோண்டுவதே இல்லை. கொடி காய்ந்த பிறகு தை, மாசியில் இடத்துக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டு அடையாளம் வைக்கிறேன், கோடையில் மண்வெட்டி படாமல் இருக்க. குச்சிக்குச் சிவப்புப் பெயிண்ட், களைக்கு வருகிறவர்களுக்கு "சிவப்புக் குச்சிப் பக்கம் தோண்டாதீங்க" என்று ஒரே வாக்கியம். சாப்பாட்டுக் கிழங்கு எதையும் அந்த வேலி ஓரம் போடுவதில்லை. வள்ளியை மேற்குப் பக்கம் மாற்றிவிட்டேன். பேரன் வரும் மாதத்தில் காய் முற்றுவதால், காயை அவன் கைக்கு எட்டாமல் முன்கூட்டியே பறித்து, விதையை உலர்த்தி வேலி ஓரத்திலேயே ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுகிறேன். முளைக்க மாதங்கள் ஆகும். முதல் வருஷம் புல் மாதிரி ஒரு இலைதான் வரும். பொறுமை இருக்கிறவர்கள் செய்யலாம்.

கறுப்பு உடம்பில் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். நம்மைச் சாய்க்கிற நஞ்சை அது இலையோடு தின்று கொழுக்கிறது. மொட்டு வரும் சமயம் விட்டால் கொடி மொட்டையாகிவிடும். காலையில் கையுறை போட்டுப் பொறுக்குகிறேன், அதிகமானால் வேப்பங்கொட்டைக் கரைசல். அழுகலுக்கு டிரைக்கோடெர்மா கலந்த மட்கு எரு ஒரு கை. முளை வந்து இருபது நாளில் ஒரு தடவை மீன் அமிலம், அதுவும் வேரில்தான், இலையில் இல்லை. ஆறு கொடி அடுத்த வருஷம் பத்தானது. பிறகு பதினேழு. போன ஆடியில் சிவப்புக் குச்சிகளை எண்ணினேன், இருபத்தெட்டு. எண்பதைத் தொட இன்னும் சில வருஷம் ஆகும். தோண்ட எனக்கு அரை நாள்தான் ஆனது.

கை ஆறிய பிறகு, கார்த்திகையில் ஒரு ஞாயிறு, நான்கு பூவை ஈரத்துணியில் சுற்றிக் காசிமேட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலையில வெச்சிக்கலாமா சார்?" என்றார். வேண்டாம், பிள்ளைகள் வாயில் போட்டுவிடும், கொடி முழுக்க விஷம் என்று சொன்னேன்.

"நல்லா குடுக்கற சார் நீ, முள்ளுக்கு முள்ளா" என்று சிரித்தபடி, பூவைத் தராசுக்குப் பக்கத்தில் உயரமாகச் செருகி வைத்தார். பிறகு எனக்கு வைத்திருந்த வாளியை நகர்த்தினார். மேலே நியூஸ்பேப்பரில் தனியாக ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் ஐந்தாறு திருக்கை முள், வால் துண்டோடு வெட்டி எடுத்தது. "எண்ணி எடுத்துட்டேன். இப்ப கைய வுடு" என்றார்.